சிவப்புக்குப் பிறகு வெள்ளை

வண்ணார்பேட்டையில் பத்தடிக்கு எட்டடி இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஒற்றை பெஞ்சோடு நான் தொடங்கிய கடை இன்று மூன்று மாடி. கட்டியவன் நான். ரவிக்கைத் துணிக்கென்று மட்டும் தனிக் கடை போடப் போகிறேன் என்றபோது மேலப்பாளையத்தில் சிரிக்காத ஆள் இல்லை. சேலை விற்கிறவனே ரவிக்கைத் துணியும் விற்றுவிடுவான், உன்னிடம் யார் வருவார்கள் என்றார்கள். வந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தும் ஆழ்வார்குறிச்சியிலிருந்தும் சேலையைப் பையில் சுருட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார்கள். கூரையில் கண்ணாடி பதித்துப் பகல் வெளிச்சத்தைக் கடைக்குள் இறக்கியவன் நான். எனக்கு முன்னால் இந்த ஊரில் வேறு எந்த ஜவுளிக்கடையாவது அதைச் செய்திருந்தால் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சுவர் நான்குக்கும் சாம்பல் வண்ணம் அடித்தவனும் நான்தான். "என்ன பாய், எழவு வீடு மாதிரிலா இருக்கு" என்றார் அடித்த பெயிண்டர். ஆறு பெருகிக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, கீழ்த்தளத்துச் சரக்கெல்லாம் சாயம் கலந்து சேறாகக் கிடந்த வருஷமும் உண்டு. நாற்பதாம் நாள் கடையைத் திறந்தேன். பச்சைக்கு மட்டும் தனி அலமாரி வைத்திருக்கிறேன். கிளிப்பச்சைக்கும் வாழையிலைப் பச்சைக்கும் நடுவில் இருக்கிற பச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

இவ்வளவையும் கட்டிய எனக்கு ஒரு பலகையில் ஒரு வரி இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அங்கே ஒரு கூடம். மனிதர் நிறத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று இரண்டாயிரம் வருஷமாக யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதைப் பலகை பலகையாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் தாடி, தொப்பியோடு படம் உண்டு. பெயர் கொட்டை எழுத்தில். கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடைசியாக வந்து நின்று வாயைப் பிளக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே விரித்திருக்கிற துணி என் கடையிலிருந்து போனது. அங்கே என் பெயர் இல்லை. இப்போது பலகையில் உள்ளதை அப்படியே புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்களாம். அச்சாகிவிட்டால் பிறகு யார் திருத்துவார்கள்?

யார் பெயரையும் இதில் எழுதவில்லை. புள்ளியும் கொம்பும் சரிபார்த்தது என் மகள். கோபம் முழுவதும் என்னுடையது.

நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன்.

திருச்செந்தூரில் ஆவணியிலும் மாசியிலும் திருவிழா. ஏழாம் நாள் சாயங்காலம் சாமிக்குச் சிவப்பு சாத்தி. எட்டாம் நாள் காலையில் வெள்ளை சாத்தி, மத்தியானம் பச்சை சாத்தி. துணி, மாலை எல்லாம் அந்தந்த நிறம்தான். பார்க்கப் போகிறவர்களிலும் பலர் அதே நிறத்தில் உடுத்திக்கொண்டு போவார்கள். நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன். ஆனாலும் அந்த மூன்று நிறமும் எந்த வாரத்தில் வருகிறது என்று என் கடைக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

கடை தொடங்கிய இரண்டாவது மாசித் திருவிழா அது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு டீச்சரம்மா தங்கையோடு வந்தார். வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சிவப்பு ரவிக்கைத் துணி வேண்டும் என்றார். நான் சும்மா விடுவேனா? இருந்த சிவப்பு அவ்வளவையும் விரித்தேன். மிளகாய்ப் பழம், மாதுளை, செம்பருத்தி, செங்கல். பெஞ்சு மேலே நெருப்பு பிடித்த மாதிரி கிடந்தது. அரை மணி நேரம் இரண்டு பேரும் அதிலேயே கண்ணைப் பதித்து, தடவி, மடித்து, விரித்துப் பார்த்தார்கள். சிவப்பு முடிந்தது. "இனி வெள்ளையக் காட்டுங்க பாய்" என்றார். அந்தச் சிவப்புக் குவியல் மேலேயே புத்தம் புது வெள்ளைத் துணியை உதறி விரித்தேன்.

டீச்சரம்மா முகம் சுளித்தார்.

"என்ன பாய், வெள்ளைன்னு சொல்லிட்டு பச்சை ஏறுனதக் காட்டுதிய?"

"பச்சையா? இது சுத்த வெள்ளைம்மா. இன்னைக்குத்தான் கட்டே பிரிச்சேன்."

"எனக்குக் கண்ணு இருக்கு. ஏட்டி, நீ பாரு, இது என்ன நிறம்?"

தங்கை குனிந்து பார்த்தார். "லேசாப் பச்சைதான்க்கா. பாசி பிடிச்ச மாதிரி இருக்கு."

"வேற கட்டுல இருந்து எடுக்கேன், இருங்க" என்றேன். எடுத்தேன். அதையும் சிவப்புக்கு மேலேதான் விரித்தேன். அதுவும் பச்சை என்றார்கள். "பாய்க்குப் பச்சை மேல பிரியம் போல, எல்லாத்துலயும் கலந்துட்டாரு" என்று தங்கை சொல்ல, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழுந்து, ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். என் கண் முன்னாலேயே அங்கே வெள்ளை வாங்கினார்கள். பஸ்ஸுக்கு நின்றபோது நான் வெட்கத்தை விட்டுப் போய், "அம்மா, அந்தத் துணியக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டேன். காட்டினார். கரையில் மில் முத்திரை. என் கடையில் இருந்த அதே மில், அதே ரகம்.

வெயிலில் ரோட்டைத் தாண்ட இரண்டு நிமிஷம். அதற்குள் பச்சை எங்கே போனது?

மறுநாள் கடையைத் திறந்ததும் வேறு வேலை பார்க்கவில்லை. சிவப்பை எல்லாம் விரித்துப் போட்டுத் தனியாக உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். பிறகு வெள்ளையை விரித்தேன். பச்சை! எனக்கே பச்சை. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன், சுவரிலும் பச்சை. கொஞ்ச நேரத்தில் கரைந்துபோனது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பச்சை துணியில் இல்லை. கண்ணில் இருக்கிறது. மஞ்சளைப் பார்த்துவிட்டு வெள்ளையைப் பார்த்தேன். நீலம் படர்ந்தது. பச்சையைப் பார்த்துவிட்டுப் பார்த்தேன். ரோஜா நிறம். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகத்தைப் பிரித்தவனும் இல்லை. ஒரு வாரம், காலையில் வாடிக்கையாளர் வருமுன் இதே வேலையாக இருந்து, எந்த நிறத்துக்குப் பின்னால் எந்த நிறம் வருகிறது என்று முழுவதும் தெரிந்துகொண்டேன்.

தெரிந்துகொண்டு சும்மா இருந்தேனா? மருந்தும் கண்டுபிடித்தேன். மங்கலான சாம்பல் துணி ஒன்றை எடுத்து, சிவப்பு முடிந்ததும் அதை மேலே விரித்துவிடுவேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக் கொடுப்பேன். கண்ணில் நின்ற பச்சை அந்தச் சாம்பல் மேலேயே விழுந்து கரைந்துவிடும். சாம்பல் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதற்கப்புறம் வெள்ளையை விரித்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். கடையில் வேலைக்கு நிற்கிறவர்கள் அதற்கு 'கண் கழுவுற துணி' என்று பெயர் வைத்தார்கள். சுவருக்குச் சாம்பல் அடித்ததும் இதற்குத்தான். எழவு வீடு என்று சிரித்த பெயிண்டர், பிற்பாடு தன் மகள் கல்யாணத்துக்கு என்னிடம்தான் வந்தார்.

மறுவருஷம் டீச்சரம்மா வந்தபோது விவரத்தைச் சொன்னேன். "திருச்செந்தூர்ல முதல்ல சிவப்பு, பொறவு வெள்ளை, அதுக்குப் பொறவு பச்சை. இந்த வரிசையப் போட்ட ஆளுக்கு இந்த விஷயம் தெரிஞ்சிருக்கும்மா" என்றேன். "அது அப்படி இல்ல பாய். சிவப்பு சிவன், வெள்ளை பிரம்மா, பச்சை பெருமாள்" என்றார் அவர். இருக்கட்டும். அதுவும் இருக்கட்டும், நான் சொன்னதும் இருக்கட்டும்.

இப்படியே பல வருஷம் ஓடியது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பேராசிரியர், தன் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க மனைவியோடு கடைக்கு வந்தார். பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர், திருநீறு பூசிய நெற்றி, சட்டைப்பையில் இரண்டு பேனா. மனைவி துணி பார்க்க, இவர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தச் சாம்பல் துணிய ஒருத்தரும் வாங்கல. எடுத்து எடுத்து எதுக்கு விரிக்கிய?"

"அது விக்கதுக்கு இல்ல சார். கண்ணு கழுவுறதுக்கு."

"எதக் கழுவுறதுக்கு?"

"ஒங்க கண்ண. இங்கன வாங்க, காட்டுதேன்."

காட்டினேன். சிவப்பை உற்றுப் பார்க்க வைத்து வெள்ளையை விரித்தேன். மனுஷன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "வே, இதுக்காக ஜெர்மனில ஒருத்தன் ஆயுசு பூரா சண்டை போட்டிருக்கான் வே! நீரு கடைக்குள்ள வச்சிருக்கீரே!" என்றார். 'பாய்' போய், சிநேகிதர்களுக்குள் கூப்பிடுகிற 'வே' வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மனைவி, "ஒங்களுக்கு ஆள் கிடைச்சிட்டா? நான் துணியப் பாக்கட்டுமா?" என்றார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் வருவார். டீ வாங்கி வைப்பேன். அவர் கதை சொல்லுவார், நான் கடையில் கண்டதைச் சொல்லுவேன், அவர் நோட்டில் எழுதிக்கொள்ளுவார். நோட்டில் எழுதிக்கொண்டார் என்பதை வாசிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கிரேக்க தேசத்தார் கதை. கண்ணுக்குள்ளிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொட்டுப் பார்க்கிறது என்று அவர்களில் பலர் நம்பினார்களாம். "அப்போ கரண்டு போனா என் கடைப் பச்சையெல்லாம் எங்க சார் போவுது? கண்ணு இங்கனதான இருக்கு?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பஸ்ரா நகரத்தில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். கண்ணிலிருந்து ஒன்றும் போவதில்லை, பொருளிலிருந்து வெளிச்சம்தான் கண்ணுக்குள் வருகிறது என்று அந்த அரபு தேசத்து மனிதர் சோதித்துச் சொன்னாராம். அன்றைக்கு டீயோடு வடையும் வாங்கினேன்.

அடுத்து ஆங்கிலேயர் ஒருவர். முப்பட்டைக் கண்ணாடியில் வெயிலை விட்டுப் பிரித்துக் காட்டியவர். முதலில் ஐந்து நிறம் என்று எண்ணியவர், பிறகு சங்கீதத்தின் சுரக்கணக்குக்குப் பொருந்த வேண்டும் என்று ஏழாக்கினாராம். பச்சைக்கு மட்டும் ஒரு அலமாரி வைத்திருக்கிறவனிடம் வந்து ஏழு என்றால் எப்படி இருக்கும்? ஆனால் கதிருக்கு நிறம் கிடையாது, பார்க்கிறவனுக்குள்தான் நிறம் உண்டாகிறது என்றும் அவரே சொல்லியிருக்கிறார் என்றதும் அவரை மன்னித்துவிட்டேன்.

அவருக்கு நூறு வருஷம் கழித்து ஒரு ஜெர்மன் கவிஞர் கிளம்பி அவரைத் திட்டித் தீர்த்தாராம். நிறத்தைக் கண்ணாடியில் தேடாதே, கண்ணில் தேடு என்றாராம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விழுந்த நிழல் நீலமாகத் தெரிந்ததைக் காட்டினாராம். கணக்கில் அவர் தோற்றார், ஆனால் பார்த்ததைச் சரியாகப் பார்த்தார் என்றார் பேராசிரியர். பிறகு ஒரு ஆங்கிலேய டாக்டர், கண்ணுக்குள் மூன்றே வகை வாங்கிகள்தான் இருக்க வேண்டும், அந்த மூன்றின் கலவைதான் எல்லா நிறமும் என்றார். பிறகு வந்த இன்னொரு ஜெர்மன்காரர், இல்லை, சிவப்பும் பச்சையும் ஒரு ஜோடி, மஞ்சளும் நீலமும் ஒரு ஜோடி, ஒன்று களைத்தால் மற்றது எழும்பும் என்றார். சிவப்பான பச்சை என்று ஒன்றை எவனாவது பார்த்திருக்கிறானா என்று கேட்டாராம்.

"நிறுத்துங்க சார். இதுக்கு நான் சாட்சி சொல்லுதேன்" என்றேன். என் கடையில் மஞ்சள் கலந்த பச்சை கேட்பார்கள். நீலம் ஓடுகிற பச்சை கேட்பார்கள். சிவப்பில் மஞ்சள் கேட்பார்கள், நீலம் கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் சிவப்பு ஓடுகிற பச்சை வேண்டும் என்று ஒருத்தி கேட்டதில்லை. பேராசிரியர் பேனாவைத் திறந்து, "திரும்பச் சொல்லும் வே" என்று வரிக்கு வரி எழுதிக்கொண்டார். டாக்டர் சொன்னதா, ஜெர்மன்காரர் சொன்னதா, எது சரி என்று ஒரு நூறு வருஷம் சண்டை நடந்து, கடைசியில் இரண்டும் சரி என்று ஆனதாம். கண்ணின் முன்வாசலில் மூன்று வகை, அதற்குப் பின்னால் ஜோடிக் கணக்கு. "வாசல்ல சரக்க இறக்குதவங்க மூணு பேரு, உள்ள பிரிச்சு அடுக்குதவன் வேற ஆளு. அவ்வளவுதான சார்?" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பிரான்சு தேசத்தில் ராஜாவுக்குத் திரைச்சீலை நெய்கிற பெரிய சாலை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்த கறுப்பு நூல் கறுப்பாக இல்லை, சாயம் மோசம் என்று புகார் வந்ததாம். சாயச் சாலைக்குப் பொறுப்பாக ரசாயனம் படித்த ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் நூலைத் தனியாக எடுத்து ஆராய்ந்து, சாயத்தில் குற்றமில்லை, பக்கத்து நிறம் கறுப்பைக் கெடுக்கிறது என்று சொல்லி, அதையே தடிப் புத்தகமாக எழுதிப் பெரிய பெயர் வாங்கினாராம்.

என்னைப் பெற்ற வாப்பா மேலப்பாளையத்தில் தறி நெய்தவர். ஒரு தடவை சிவப்புத் துணிக்கு நடுவில் மெல்லிய சாம்பல் கோடு விட்டு நெய்து கொண்டுபோனார். வாங்குகிற முதலாளி துணியைப் பார்த்துவிட்டு, "சாம்பல் நூல் குடுத்தா பச்சை நூல மாத்தி ஓட்டிருக்கீரே, கண்ணு அவிஞ்சிட்டா?" என்று முகத்தில் எறிந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வாப்பா துணியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் ஒரு நூலை உருவிப் பார்த்தார். சாம்பல்தான். திரும்ப உள்ளே போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம் பல நாள் ஒரு கண்ணை மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கண்தான் கெட்டுப்போனது என்று நம்பிவிட்டார். அங்கே புகார் வந்தால் படித்த மனுஷன் வந்து நூலைப் பார்க்கிறான். இங்கே முகத்தில் எறிகிறான். இதைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சரி, கூடத்துக்கு வருகிறேன். கல்லூரியில் இந்தக் கண்காட்சியை வைக்கப் போகிறோம் என்று பேராசிரியர் சொன்னபோது, "வெறும் பலகைய எவன் சார் பாப்பான்? சனங்க கண்ணுலயே காட்டணும்" என்றவன் நான். சிவப்பு, வெள்ளை, கண் கழுவுற துணி எல்லாம் நான் கொடுத்தவை. வாப்பா நெய்த மாதிரியே சிவப்பில் சாம்பல் கோடு போட்ட துணியைச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு தறியில் சொல்லி நெய்து வாங்கினேன்.

திறப்பு நாளன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு போனேன். மேள தாளம், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் எல்லாம் அமர்க்களம். ஒவ்வொரு பலகையாக விளக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசி மேசையில் என் துணிகள். ஒரு விரிவுரையாளர் அம்மா நின்று, "சார், இந்தச் சிவப்பப் பாருங்க. இப்ப வெள்ளையப் பாருங்க. பச்சை தெரியுதா?" என்றார்.

விருந்தினர் பார்த்தார். "வெள்ளையாத்தானம்மா இருக்கு. மஞ்சளாக்கூட இருக்கு."

கூட நின்றவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. வியர்க்காமல் என்ன செய்யும்? அழகுக்கென்று மேலே மஞ்சள் விளக்கு மாட்டியிருக்கிறார்கள். சிவப்பை ஒரு நொடி காட்டி மறு நொடி எடுத்துவிட்டார்கள். பார்க்கிற கண் நாலாபக்கமும் அலைகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "அந்த மஞ்ச லைட்ட அமத்துங்க. சன்னலத் தொறங்க. அம்மா, ஒங்க பையில ஸ்டிக்கர் பொட்டு இருக்கா?"

"பொட்டா?"

"கறுப்புப் பொட்டு ஒண்ணு குடுங்க."

வாங்கி, சிவப்புத் துணிக்கு நடுவில் ஒட்டினேன். "ஐயா, இந்தப் பொட்டையே பாருங்க. கண்ண அசைக்கக் கூடாது. நான் முப்பது எண்ணுதேன்." எண்ணினேன். சிவப்பை உருவி வெள்ளையை விரித்தேன்.

"அட! பச்சை! பச்சைலா தெரியுது! ஏ இவளே, இங்கன வா!" விருந்தினர் சின்னப் பிள்ளை மாதிரி மனைவியைக் கூப்பிட்டார். ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். கைதட்டல். எல்லாரும் கைதட்டியது பேராசிரியரைப் பார்த்து. விருந்தினர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரமாதம் சார்" என்றார். பேராசிரியரும் குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டார்.

நான் பொறுத்துக்கொண்டேன். பலகையில் இருக்கும், வாசிப்பார்கள் என்று நினைத்தேன். மேசைக்கு மேலே இருந்த பலகைப் பக்கம் திரும்பப் போனேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"வாப்பா, அங்கன டீ குடுக்காங்க, வாங்க."

"ஏட்டி, இரு, படிச்சிட்டு வாரேன்."

"பொறவு படிக்கலாம் வாப்பா."

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'திருநெல்வேலி வட்டாரத் துணி வணிகர்களிடையே வழிவழியாக வழங்கிவரும் நாட்டார் அறிவு.' கீழே சின்ன எழுத்தில், 'துணி உதவி: உள்ளூர் ஜவுளிக்கடை.'

வழிவழியாகவா? எந்த வழி? எனக்கு முன்னால் எவன் இதைச் செய்தான்?

ஒரு பலகை தள்ளி ஆங்கிலேய ரசாயனக்காரர் ஒருவர் படம். அவருக்குச் சில நிறங்கள் பிரிந்து தெரியாது. தன் கண்ணுக்குள் இருக்கிற நீர் நீலமாக இருக்கிறது, அதனால்தான் என்று அவர் ஒரு காரணம் சொன்னார். தான் செத்த பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டும் போனார். திறந்து பார்த்தால் நீர் தெளிவாக இருந்ததாம். அதாவது அவர் சொன்னது தப்பு. தப்பாகச் சொன்னவருக்கு ஆளுயரப் பலகை. சரியாகக் கண்டவன் 'உள்ளூர் ஜவுளிக்கடை'!

பேராசிரியரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"என்ன சார் இது?"

"பாய், கோவப்படாதிய. பைய பேசுவோம். எதிர்க்கடையிலயும் சாம்பல் துணி விரிக்கான், கோவில்பட்டியிலயும் பாத்தேன். நாலு பேரு செய்யுததை ஒரு ஆளு பேர்ல எப்படிப் போட?"

"எதிர்க்கடைய இப்போ நடத்துதவன் எங்கிட்ட ஆறு வருஷம் வேலைக்கு நின்னவன். கோவில்பட்டிக்காரன் அவன் மச்சினன். போயி கேளுங்க."

"சரி. ஆனா எழுத்துல ஏதாவது இருக்கா? கட்டுரை மாதிரி? ஆதாரம் இல்லாமப் போட்டா எங்க ஆளுங்களே கேள்வி கேப்பாங்க."

"எழுத்தா? கூரையில கண்ணாடி இருக்கு, சுவத்துல சாம்பல் இருக்கு. வந்து படிங்க. ஒங்க நோட்டுல நான் சொன்னது இருக்குலா, அது யாரு எழுத்து?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாய், சிவப்புக்குப் பொறவு பச்சை தெரியும்ங்கது ஒலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். அத நீங்க கண்டுபிடிச்சீங்கன்னு..." என்று இழுத்தார்.

இதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் முதலில் கண்டவன் நான் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஜெர்மனியிலும் பிரான்சிலும் கண்டிருக்கிறார்கள், சந்தோஷம். யாரிடமும் கேட்காமல், ஒரு வரி வாசிக்காமல், நானாகக் கண்டேன் என்கிறேன். கண்டதற்கு மருந்தும் செய்தேன் என்கிறேன். அந்த மருந்தைத்தான் இன்று ஊரெல்லாம் விரிக்கிறார்கள் என்கிறேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

ஒரு வாரம் கழித்துப் பேராசிரியர் இரண்டு ஆசிரியர்களோடு கடைக்கு வந்தார். கல்லூரி விழாவில் எனக்கு மரியாதை செய்யப் போகிறார்களாம்.

"பொன்னாடை போத்துதோம் பாய். மேடையில, எல்லாரும் பாக்க."

"பொன்னாடை எங்க வாங்குவிய சார்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட வந்தவர்களில் இளையவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "வழக்கமா ஒங்க கடையிலதான் வாங்குதோம்" என்றார். கீழ்த்தளத்தில் விழாக்களுக்கென்று நான் தனியாக வைத்திருக்கிற அடுக்கிலிருந்துதான் இந்த ஊரில் பாதிப் பொன்னாடை போகிறது.

"என் துணிய எனக்கே போத்தி, போட்டோ எடுத்து அனுப்பவா? வேண்டாம் சார். எனக்குப் பலகையில எடம் வேணும்."

கோபித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "புத்தகம் அச்சுக்குப் போவப் போவுது. திருத்தம் இருந்தா எழுதிக் குடுங்க பாய். நாலு பேரு கூடி உக்காந்து பாக்கோம்" என்றார். மனுஷன் நல்லவர்தான். அதனால்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன். ஆனால் நல்லவராக இருப்பதும் என் பெயரைப் போடுவதும் இரண்டு வேறு காரியம்.

வாப்பாவுக்காகக் கேள் என்கிறாள் மகள். அது அழகாக இருக்குமாம், படிக்கிறவர்கள் உருகுவார்களாம். நான் உருக்குவதற்காக எழுதவில்லை. எனக்காகக் கேட்கிறேன். கேட்பதில் எனக்கு வெட்கமில்லை.

எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டீர்கள், இப்போது எழுத்தில் கொடுத்துவிட்டேன். 'வழிவழியாக' என்ற சொல்லை எடுங்கள். 'நாட்டார் அறிவு' என்பதை எடுங்கள். நாட்டுக்கே பொதுவாக விட நான் இதைப் புறம்போக்கிலிருந்து பொறுக்கவில்லை. 'உள்ளூர் ஜவுளிக்கடை' என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில், நிறம் துணியில் இல்லாமல் கண்ணில் நிற்பதைத் தானாகக் கண்டவர், அதற்குச் சாம்பல் துணியால் மருந்து செய்தவர், வண்ணார்பேட்டையில் இன்ன கடைக்காரர் என்று என் முழுப் பெயரைப் போடுங்கள். இந்த எழுத்தில் என் பெயரை நான் போடாததற்குக் காரணம், அது இருக்க வேண்டிய இடம் உங்கள் பலகை. கண் நீர் நீலம் என்று தப்பாகச் சொன்னவருக்குப் போட்ட அதே அளவு எழுத்தில் போடுங்கள், அதைவிடச் சின்னதாக வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் போடுங்கள்.